வித்தியாசம்: பூஜ்யம்

ஒரு ரிப்பனுக்கு எதற்கு ஐந்து கத்தரிக்கோல்? ஐந்து பேர் வெட்டினால் நடுவில் விழும் துண்டுகள் யாருக்கு? அந்த ஓரத்தில் நிற்பவர் ரிப்பனை விட்டுவிட்டு வயரை வெட்டப் போகிறார். யாராவது சொல்லக் கூடாதா? நான் சொல்லலாம். சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வேண்டாம். வயர் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது.

இப்படி நினைத்தபடி கடைசி வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவளை மருத்துவமனையில் எல்லோரும் ரெக்கார்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட வேண்டிய நிலையில் இருப்பவர்கள், அறுவைக்கு முன்பு அவளுடைய சின்ன அறைக்கு வந்து பேசுவார்கள். அவள் பதிவு செய்வாள். பின்னால் அவர்கள் ஒரு கையடக்கக் கருவியில் எழுத்துகளைத் தட்டினால், அது அவர்களுடைய சொந்தக் குரலில் பேசும். அறுவை முடிந்த பிறகு அந்தக் குரலை வேறு எங்கும் போய் வாங்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கணினி ஒரு நாள் காலையில் கண் திறக்கவில்லை. பத்தொன்பது பேருடைய குரல் அதோடு போயிற்று. அந்தப் பத்தொன்பது பேர் வீட்டுக்கும் அவளே தொலைபேசியில் சொன்னாள். மறுமுனையில் எடுத்தவர்களில் நான்கு பேர் நோயாளிகளே; அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ரிசீவரை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து, எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் வேண்டும் என்று பதினான்கு கடிதம் எழுதினாள். பதினான்குக்கும் பதில் வந்தது. 'பரிசீலனையில் உள்ளது.'

இப்போது பெட்டி வந்துவிட்டது; ரிப்பன் அதற்குத்தான். சூட்கேஸில் பாதி அளவு, கறுப்பு நிறம், முன்னால் இரண்டு பச்சை விளக்குகள். மருத்துவமனையின் எல்லாக் கணினிகளிலும் இருப்பதை வயர் வழியாக இழுத்துத் தனக்குள் நகலாக வைத்துக்கொள்ளும் பெட்டி.

கண்காணிப்பாளர் பேசினார். மருத்துவமனைக்கே தலைவர். மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுவது போலப் பேசக்கூடியவர்.

"மனிதன் மறப்பான். பெட்டி மறக்காது. இந்தப் பெட்டியை வாங்குவதற்கு நாங்கள் பதினோரு முறை கூடினோம். அந்தப் பதினோரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் இந்தப் பெட்டிக்குள் பத்திரமாக ஏற்றப்பட்டுவிட்டன. நோயாளிகள் சம்பந்தப்பட்டவை இன்னும் ஏறவில்லை என்றார்கள். அதனால் என்ன, முக்கியமானது ஏறிவிட்டது."

பலத்த கைதட்டல்.

பக்கத்தில் நின்ற லேப் அக்கா, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக இருப்பவள், அவள் காதருகே குனிந்தாள். "ஏ, உன் பதினாலு கடுதாசியும் உள்ள இருக்கா கேளுடி."

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீயும் சும்மாவே இருந்துடு. நல்லா இருப்ப."

பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் தகவல் காப்பு அலுவலர் என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். அந்தப் பதவிக்கு வந்தவர் அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். படுக்கை விரிப்புகளில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்று பெயர் எடுத்தவர். காப்பதில் அவரைவிட அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

பெட்டியைப் பொருத்த வந்த டெக்னீஷியன் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். ரெக்கார்டம்மா தன் அறையின் பட்டியலைக் கொடுக்கப் போனவள், கதவோரம் நின்று கேட்டாள்.

"சார், தினமும் சாயங்காலம் தானா நகல் எடுத்துக்கும். முந்தின நாள் நகலையும் விட்டு வைக்கும். ஒரு ஃபைலுக்கு முப்பது நாள் நகல் இருக்கும். தப்பா எதையாவது அழிச்சிட்டா, பழைய தேதிக்குப் போய் எடுத்துக்கலாம்."

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு ஃபைலுக்கு முப்பதா? அதுல எது உண்மை?"

"எல்லாம் உண்மைதான் சார். அந்தந்த நாள்ல."

"ஒரு நோயாளிக்கு முப்பது விரிப்பு குடுத்துட்டு எல்லாம் அவரோடதுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? ஒண்ணு போதும். மத்ததை எடுத்துடுங்க."

டெக்னீஷியன் மற்ற இருபத்தொன்பதையும் எடுத்துவிட்டார்.

தினமும் நான்கு மணிக்குக் காப்பு நேரம் என்று சுற்றறிக்கை வந்தது. மணி அடித்ததும் எல்லோரும் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். வேலையை நிறுத்தத் தேவையே இல்லை, அது பாட்டுக்கு நடக்கும் என்று டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். "எண்ணிட்டு இருக்கும்போது துணியை இழுத்தா எண்ணிக்கை என்ன ஆகும்?" என்று அலுவலர் கேட்டார். எனவே தினமும் நாலு மணியிலிருந்து நாலு இருபது வரை மருத்துவமனையில் யாரும் சேர்க்கப்படவில்லை, யாருக்கும் சீட்டு எழுதப்படவில்லை. கை ஒடிந்த ஒருவர் சேர்க்கைக் கவுன்டரில் ஒடியாத கையால் ஒடிந்த கையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே இருந்த பெண் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஆனாலும் முதல் மாதம் முழுக்க ரெக்கார்டம்மாவுக்குச் சந்தோஷம்தான். அவளுடைய அறையிலிருந்து அறுபத்தோரு பேருடைய குரல் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மணி அடித்தால் அடிக்கட்டும். கையை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டுப் போகிறேன். இதற்கு முன்னால் இதைவிட அர்த்தமில்லாத எத்தனையோவற்றுக்குக் கையை எடுத்திருக்கிறேன். இப்படித்தான் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அந்த மாதம் முடிந்ததும், ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, அலுவலர் பெட்டியில் இருப்பதையும் கணினிகளில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆணையிட்டார். திரையில் ஒரு எண் வந்தது. வித்தியாசம்: நானூற்றுப் பன்னிரண்டு.

அவர் முகம் வெளுத்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்த மிகப் பெரிய வித்தியாசம் ஒரு தலையணை உறை.

முதல் வேலையாக, யாரும் பெட்டியில் எதையும் சேர்க்காதபடி பூட்டினார்; நாலு மணி நகலும் அன்றோடு நின்றது. இரண்டாவது வேலையாகக் கூட்டம் கூட்டினார். வித்தியாசங்களில் முப்பத்தேழு ரெக்கார்டம்மா அறையைச் சேர்ந்தவை என்பதால் அவளையும் வரச் சொன்னார்கள்.

"உங்க ரூம் ஃபைல் நேத்து சாயங்காலம் ஒரு அளவுல இருந்தது. இன்னைக்குக் காலையில பெரிசா இருக்கு. எப்படி?"

"காலையில ஒருத்தர் வந்து பேசினார் சார். பதிவு பண்ணினேன்."

"யாரைக் கேட்டுப் பண்ணினீங்க?"

"பேசினவரைக் கேட்டுத்தான்."

அலுவலர் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னோம், ஆனால் ஏன் திருடி மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், நகல் எடுத்ததுக்கு அப்புறம் வேலை செஞ்சா வித்தியாசம் வரத்தான செய்யும்? அடுத்த நகல் எடுக்கும்போது சரியாயிடும்."

"அதுக்கு அடுத்த நாள்?"

"மறுபடி வரும்."

"பாத்தீங்களா!" என்றார் அலுவலர், கண்காணிப்பாளரிடம். "அவங்களே ஒத்துக்கிறாங்க. இதுக்கு முடிவே இல்ல."

பிறகு எழுந்து நின்று பேசினார். "ஐயா, சலவைக்கு நாலாயிரம் விரிப்பு போகும், நாலாயிரம் வரும். ஒண்ணு குறைஞ்சா விடமாட்டேன். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு கூடுதலா வந்தாலும் விடமாட்டேன். அதை யாரும் சொல்றதில்ல. கூடுதலா வந்தது யாரோடதோ. அன்னைக்கே திருப்பி அனுப்பிடுவேன். பெட்டி ஏ.சி. ரூம்ல பூட்டி இருக்கு. சாவி என்கிட்ட. கணினியை? வர்றவன் போறவன் எல்லாம் தொடறான். தப்பு எந்தப் பக்கம்னு இதுக்கு மேல விசாரிக்கணுமா?"

கண்காணிப்பாளர் முடிவைச் சொன்னார். "ஆக, நகல்தான் சரி. அசல்தான் நகலிலிருந்து விலகிப் போயிருக்கிறது."

எல்லாத் தலைகளும் ஆடின. ரெக்கார்டம்மாவின் தலையும் ஆடியது. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது. நான் ஏன் ஆட்டினேன்? யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லையே. பார்க்காதபோதும் ஆடுகிற தலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுவாரம் ஒரு சுற்றறிக்கை. 'நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அனைத்துக் கணினிகளும் அங்கீகரிக்கப்பட்ட பிரதியுடன் ஒத்திசைவு செய்யப்படும்.' அவள் படித்துவிட்டு, ஒத்திசைவுதானே, நல்லதுதான் என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் பி.டி. டீச்சர் வந்தாள். இருபத்தெட்டு வருடம் பள்ளி மைதானத்தில் கத்திய தொண்டை. வியாழக்கிழமை அறுவை. கூட அவளுடைய கணவர், கையில் தண்ணீர் பாட்டிலோடு, கூப்பிட்டால் மட்டும் பேசுகிறவர்.

மருத்துவமனை அங்கீகரித்த வாக்கியப் பட்டியல் ஒன்று உண்டு. டீச்சர் முதல் வரியைக் கரகரப்பாகப் படித்தாள். "'இம்மருத்துவமனையின் சேவை எனக்கு முழுத் திருப்தி அளிக்கிறது.' ஏங்க, இதை நான் எப்பங்க சொல்லப் போறேன்? குரல் இருக்கும்போதே சொல்லலியே."

"அதை விட்டுடுங்க டீச்சர். உங்களுக்கு எது வேணுமோ அதைச் சொல்லுங்க."

"எனக்குத் திட்டணும்."

"தாராளமா."

"மெஷின் ரொம்ப மரியாதையாப் பேசும்னு சொன்னாங்க. மரியாதையாப் பேசினா இவர் காதுல ஏறாது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்." டீச்சர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். "'யாரது கடைசில நடக்கிறது? ஓடு!' 'ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?' 'கேஸை அணைச்சீங்களா? போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க.'"

கணவர் கடைசி வாக்கியத்தைக் கேட்டுப் பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் பேசினாள். முடிவில், "இவரைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் போனதும் மைக்குக்கு மிக அருகில் போய், அவருக்கு மட்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னாள். ரெக்கார்டம்மா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, திரையில் அந்தக் குரல் மேலும் கீழும் போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கணினியைத் திறந்தாள். டீச்சரின் கோப்பு இல்லை. பெட்டியைப் பூட்டிய பிறகு வந்த மற்ற இரண்டு பேருடையதும் இல்லை; அவர்களுக்கு அறுவைக்கு இன்னும் நாள் இருந்தது. அறுபத்தோரு குரல் இருந்தது, ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல்.

அவள் ஓடினாள். அந்த மருத்துவமனையில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. டெக்னீஷியன் பெட்டி அறை வாசலில் நின்றிருந்தார். "எழுதிக் குடுங்க சார்னு சொன்னேன் மேடம். எழுதியே குடுத்துட்டாரு. காலையில ஏழு மணிக்குப் பெட்டியில இருக்கிறது கணினிக்கு வரும். பெட்டியில இல்லாதது கணினியிலிருந்து அழிஞ்சிடும். தலைகீழ் மேடம். நான் சொல்லிட்டேன்."

"அழிஞ்சதை எடுக்க முடியாதா?"

"பழைய நகலை எல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்களே."

அலுவலர் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். மேசையில் அன்றைய அறிக்கை இருந்தது. வித்தியாசம்: பூஜ்யம்.

"சார், மூணு பேரோட குரல் போயிடுச்சு. ஒருத்தருக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்."

"பிரதியில இருந்துச்சா?"

"இல்ல சார். பெட்டியைப் பூட்டினதுக்கு அப்புறம் பதிவு பண்ணினது."

"அப்ப எதுவும் போகலம்மா. இருந்தது போனாத்தானே இழப்பு. இது பட்டியலுக்கே வரலியே." சொல்லிவிட்டு அவளைப் பார்த்து உண்மையான இரக்கத்தோடு புன்னகைத்தார். "கவலைப்படாதீங்க. இந்த ஆஸ்பத்திரியில இனிமே எதுவும் தொலையாது."

டீச்சர் மறுபடி வந்தாள். ஒரு நாளில் குரல் இன்னும் கட்டிவிட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திட்டுகளில் முக்கியமானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொன்னாள். கணவரை வெளியே அனுப்பிவிட்டு அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னாள். இடையில் இருமல் வந்தது. "நேத்து நல்லா வந்துச்சு" என்றாள், யாரையும் குறை சொல்லாமல். அந்தக் குறை சொல்லாததைத்தான் ரெக்கார்டம்மாவால் தாங்க முடியவில்லை.

அன்று அவள் தன் பென்டிரைவில் அந்தக் குரலை ஏற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அறையில் இருக்கும் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கணினியிலிருந்து டீச்சர் மறுபடி அழிந்தாள். வியாழக்கிழமை அறுவை நடந்தது. உலகத்தில் இப்போது டீச்சரின் குரல் அந்தக் கைப்பையில் மட்டும் இருந்தது. இரண்டு நகல் வேண்டும் என்று பதினான்கு கடிதம் எழுதியவள் ஒரே ஒரு நகலை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை லேப் அக்கா வீட்டுக் கணினியில் இன்னொன்று எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

மருத்துவமனை இதற்குள் புது ஒழுங்குக்குப் பழகிவிட்டிருந்தது. முந்தின நாள் பிறந்த குழந்தைகள் தினமும் காலை ஏழு மணிக்குப் பிறக்காதவர்கள் ஆனார்கள். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் காலை மறுபடி படுக்கையில் இருந்தார்கள். ஏழாம் எண் படுக்கையில் இறந்துபோனவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. அவர் சாப்பிடாததால் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதப்பட்டது. வேலை நடக்க வேண்டுமே என்று ஒவ்வொரு பிரிவிலும் இழுப்பறைக்குள் ஒரு நோட்டு வைத்து ரகசியமாக எழுதினார்கள். லேப் அக்கா மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் முடிவுகளை எழுதினாள். "இருபது வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான்டி சேந்தேன். வட்டம் போட்டு வந்துட்டோம், பாத்தியா" என்றாள். திரைகள் மட்டும் அசையாமல், அழகாக, ஒன்றுபோல இருந்தன. முழுப் பொருத்தச் சான்றிதழ் தருவதற்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு வரப்போவதாகத் தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரெக்கார்டம்மா வார்டுக்குப் போனாள். டீச்சரின் கழுத்தில் குழாய். மடியில் நோட்டு. எதையோ வேகமாக எழுதிக் கணவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"திட்டுறாம்மா" என்றார் அவர். "எழுதி எழுதித் திட்டுறா. எனக்குக் கண்ணாடி இல்லாமப் படிக்க முடியல. கண்ணாடி எடுத்துட்டு வரலன்னுதான் திட்டுறான்னு நினைக்கிறேன்."

டீச்சர் நோட்டைப் பிடுங்கி, புதுப் பக்கத்தில் எழுதி, அவள் பக்கம் திருப்பினாள். 'பத்திரமா இருக்கா?'

"இருக்கு டீச்சர். புண் ஆறட்டும். ரெண்டு வாரத்துல கருவியில ஏத்தித் தர்றேன்."

டீச்சர் கணவரைக் கண்ணால் காட்டி, விரலால் எச்சரித்தாள். இரு, வருகிறேன் என்பது போல.

மதியம் கண்காணிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அலுவலரும் இருந்தார். மேசையில் ஒரு உறை, ஒரு படிவம், ஒரு பேனா.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூணு அம்பத்திரண்டுக்கு உங்க கணினியில ஒரு பென்டிரைவ் சொருகியிருக்கு" என்றார் அலுவலர். "கணினி சொல்லிடுச்சு."

"ஆமா சார்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து அவர் வைத்திருந்த அடுத்த மூன்று தாளும் வீணாயின.

கண்காணிப்பாளர் தந்தையைப் போலப் பேசினார். "பாரம்மா, உன் கடிதங்களால்தான் இந்தப் பெட்டியே வந்தது. அதை நான் மறக்கவில்லை. நாளை குழு வருகிறது. பிரதிக்கு வெளியே ஒரு பிரதி இருக்கிறது என்று தெரிந்தால் எல்லாம் போச்சு. பென்டிரைவை இந்த உறையில் போடு. அவர் எண்ணி, அழித்து, பதிவேட்டில் ஏற்றிவிடுவார். வெளியே எதுவும் இல்லை என்று படிவத்தில் ஒரு கையெழுத்து. குழுவுக்கு முன்னால் உன்னைப் பற்றி நானே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்கிறேன்."

"அதுல ஒருத்தரோட குரல் இருக்கு சார். நேத்து ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. திரும்பப் பதிவு பண்ண முடியாது."

"புரிகிறது. ஆனால் எண்ணிக்கையில் வராத ஒன்றை நாம் எந்தக் கணக்கில் வைத்துக் காப்பது?"

"கூடுதலா ஒரு விரிப்பு" என்றார் அலுவலர் மெதுவாக, அவளுக்குப் புரிய வைக்கும் ஆசையோடு.

அவள் படிவத்தை எடுத்து முழுவதும் படித்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்குமா என்று யோசித்தாள். கிடைக்காது என்று தோன்றியது. பிறகு படிவத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"தர மாட்டேன் சார்."

அலுவலர் உறையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார்.

"காரணத்தை எழுத்து மூலமாகத் தர வேண்டியிருக்கும்" என்றார் கண்காணிப்பாளர்.

"காரணம் சொல்லிட்டேன் சார். கையெழுத்தும் போட மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. அதனால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அலுவலர் பேனாவை எடுத்தார். "அப்ப நான் இதுல என்னன்னு எழுதட்டும்?"

"தரலன்னு எழுதுங்க."

அவர் படிவத்தின் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். 'ஒப்படைத்தார்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கட்டம் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே அச்சே இல்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி எங்கே எழுதுவது என்று கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தேட ஆரம்பித்தார்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.